பேஜ்மேக்கர் லினக்ஸில் திறக்கிறது, தமிழ் மட்டும் சிதைகிறது: கோளாறை எங்கே தேடுவது?

கும்பகோணத்தில் அப்பா நடத்திய அச்சகத்தை இப்போது தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்லும் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. கடைக் கணினி பழசு, விண்டோஸ் 11ஐ ஏற்கவில்லை. லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டு, விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் ஓட்டும் ஒயின் வழியாக, பக்க வடிவமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கர் 7ஐ நிறுவியிருக்கிறார். நிரல் திறக்கிறது. ஆனால் 2004, 2016 மகாமகங்களுக்கு அடித்த கோயில் பத்திரிகைக் கோப்புகளைத் திறந்தால் தமிழ் சிதைந்து வருகிறது. சில கோப்புகளில் வெறும் ஆங்கில எழுத்து, சிலவற்றில் கட்டம் கட்டமாக, புதிதாக அடித்தால் கேள்விக்குறி. அப்பா வாங்கிய தமிழ் ஃபாண்ட் தொகுப்பின் யு.எஸ்.பி. பூட்டையும் (செருகினால்தான் மென்பொருள் ஓடும் சின்னக் கருவி) கணினி கண்டுகொள்ளவில்லை. "ஒயின் சரியில்லையா? திரும்ப விண்டோஸுக்கே போய்விடவா?" என்று கேட்டு முடித்திருக்கிறார்.

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். ஒயின் நல்லதா கெட்டதா என்பதை விட, அப்பா இருபது வருடமாகச் சேர்த்து வைத்த மேட்டரெல்லாம், அதாவது அடித்து வைத்த உரையெல்லாம், போய்விட்டதா என்பதுதான் உங்கள் கவலை என்று தோன்றுகிறது. அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஆங்கில எழுத்தாகத் தெரியும் கோப்புகளில் மேட்டர் முழுசாக இருக்கிறது. கட்டமாகத் தெரிபவற்றிலும் அநேகமாக இருக்கிறது. கேள்விக்குறிதான் ஆபத்து, அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன். நான் மன்னார்குடி பக்கம் பத்தொன்பது வருடமாகக் கணினி பழுது பார்க்கிறவன். அச்சகங்கள், அரிசி ஆலைகள், அடகுக் கடைகள்தான் என் வாடிக்கை. உங்கள் திரையை நான் பார்க்கவில்லை, அதனால் கீழே வருவதில் எது உறுதி, எது ஊகம் என்று அங்கங்கே பிரித்தே சொல்கிறேன்.

வேறு எதையும் தொடுவதற்கு முன்னால், பழைய கோப்புகள் மொத்தத்தையும் ஒரு வெளி ஹார்டு டிஸ்கில் காப்பி எடுத்து, அதைக் கழற்றி பீரோவில் வைத்துவிடுங்கள். சோதனையெல்லாம் நகலில் மட்டும். பேஜ்மேக்கர் ஒரு கோப்பைத் திறக்கும்போது அதிலுள்ள ஃபாண்ட் கணினியில் இல்லையென்றால், எதற்குப் பதில் எதைப் போடலாம் என்று ஒரு பெட்டி காட்டும். அந்த மாற்றம் தற்காலிகமா நிரந்தரமா என்று அதிலேயே கேட்கும். தற்காலிகம் என்பதையே தேர்ந்தெடுங்கள். வலங்கைமான் பக்கத்துக் கோயில் ஒன்றின் கும்பாபிஷேகப் பத்திரிகையில், அவசரத்தில் நான் நிரந்தரத்தை அழுத்திச் சேமித்துவிட்டேன். மேட்டர் அழியவில்லை, ஆனால் எந்த வரி எந்த ஃபாண்ட் என்ற தகவல் போய்விட்டது. பதினாறு பக்கத்தையும் பழைய அச்சுப் பிரதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகத் திருத்தினேன். உங்களுக்கு அந்த வேலை வர வேண்டாம்.

சரி, ஒயின் என்ன செய்கிறது என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், அது தெரியாமல் கோளாறைத் தேட முடியாது. 1993இல் தொடங்கி, 2008இல்தான் 1.0 பதிப்பைத் தொட்ட திட்டம் அது. உங்கள் கணினிக்குள் இன்னொரு கணினியை அது உருவாக்குவதில்லை. பேஜ்மேக்கர் "ஒரு ஜன்னல் திற", "இந்த ஃபாண்டில் இந்த எழுத்தை வரை", "இந்தக் கோப்பைப் படி" என்று விண்டோஸிடம் கேட்கும் ஒவ்வொன்றையும் வாங்கி, லினக்ஸுக்குப் புரியும்படி மாற்றிக் கொடுக்கிறது, அவ்வளவுதான். அதனால் நிரல் தானாகச் செய்வது பெரும்பாலும் நடக்கும். நிரல் தன்னைச் சுற்றி இருக்கும் என்று நம்பியிருந்தவைதான் உதைக்கும்: ஃபாண்ட், கீபோர்டு மென்பொருள், பிரிண்டர், டி டிரைவ், பூட்டு. உங்களுக்கு உதைத்த எல்லாமே இந்தப் பட்டியலில் இருப்பதைப் பாருங்கள்.

கடைமடை வயலுக்குத் தண்ணீர் வரவில்லையென்றால் நம் ஊரில் யாரும் நேராக மேட்டூரைக் குறை சொல்லிக்கொண்டு நிற்பதில்லை. வயலிலிருந்து வாய்க்கால் ஓரமாக நடந்து, எந்த மதகு வரைக்கும் தண்ணீர் இருக்கிறது, எதற்குக் கீழே இல்லை என்று பார்க்கிறோம். இதிலும் அதேதான். ஒரு எழுத்து திரைக்கு வருவதற்குள் நான்கு மதகைத் தாண்டுகிறது: கோப்பில் இருக்கும் எண், எந்த எண் எந்த எழுத்து என்று சொல்லும் அட்டவணையான கோட் பேஜ், அந்த எண்ணுக்கான வடிவத்தை வைத்திருக்கும் ஃபாண்ட், கடைசியாகத் திரை. எழுத்து எப்படிச் சிதைந்திருக்கிறது என்பதே எந்த மதகில் அடைப்பு என்று சொல்லிவிடும்.

இது விளங்க, அந்தக் காலத் தமிழ் ஃபாண்டுகள் எப்படி வேலை செய்தன என்று தெரிய வேண்டும். எல்லா மொழி எழுத்துகளுக்கும் தனித்தனி எண் கொடுக்கும் யூனிகோடு முறை பேஜ்மேக்கருக்குத் தெரியாது. 0 முதல் 255 வரையிலான எண்கள்தான் அதன் உலகம். எனவே ஃபாண்ட் செய்தவர்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்தார்கள். பாமினி ஃபாண்டில் ஜே, கே, பி, ஓ, அப்புறம் ஒரு அரைப்புள்ளி என்று அடித்தால் திரையில் "தமிழ்" என்று வரும். கோப்பில் இருப்பது அந்த ஜே கே பி ஓதான். 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி, தமிழக அரசு டாம், டாப் என்ற இரண்டு குறியீட்டு முறைகளைத் தரமாக்கியது. டாம் ஒருமொழி முறை, 0-255 இடத்தின் கீழ்ப்பாதி, மேல்பாதி இரண்டையும் தமிழுக்கே எடுத்துக்கொள்ளும். டாப் இருமொழி முறை, கீழ்ப்பாதியை ஆங்கிலத்துக்கு விட்டுவிட்டு மேல்பாதியில் தமிழை வைக்கும். இவை போக, ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென்று ஒரு முறை வைத்திருந்தது. இருபது வருடம் ஓடிய பிரஸ்ஸில் இவற்றில் மூன்று நான்காவது கலந்து கிடக்கும். அதனால்தான் உங்கள் கோப்புகள் ஒரே மாதிரி சிதையாமல் விதவிதமாகச் சிதைகின்றன.

இப்போது ஒவ்வொன்றாகப் பாருங்கள். முழுவதும் ஆங்கில எழுத்தாக, ஆனால் வார்த்தை வார்த்தையாகப் பிரிந்து, ஏதோ ஒழுங்கோடு தெரிகிறதா? கோப்பு நலம், ஃபாண்ட் இல்லை. பழைய விண்டோஸ் டிஸ்கில் ஃபாண்ட்ஸ் ஃபோல்டரிலிருந்து அந்த ஃபாண்டை எடுத்து, ஒயினின் டிரைவ் சி, விண்டோஸ், ஃபாண்ட்ஸ் என்ற ஃபோல்டரில் போடுங்கள். பேஜ்மேக்கரை மூடித் திறந்தால் சரியாகிவிடும். மேலே புள்ளியும் கொம்புமாக ஐரோப்பிய எழுத்துகள் குவிந்து வந்தால், அது டாப் மாதிரி மேல்பாதி முறையில் அடித்தது, அங்கேயும் ஃபாண்டுதான் இல்லை. ஃபாண்டைப் போட்ட பிறகும் திறக்கும் பெட்டியில் "இல்லை" என்றே காட்டினால், அது பழைய டைப் 1 வகை ஃபாண்டாக இருக்கலாம். கோப்புப் பெயரின் கடைசியில் பி.எஃப்.பி. என்று இருக்கும். ஒயின் அந்த வகையை எடுத்துக்கொள்ளாது. ஃபாண்ட்ஃபோர்ஜ் என்ற இலவச மென்பொருளில் திறந்து ட்ரூடைப்பாக மாற்றிப் போட வேண்டும். மாற்றும்போது ஃபாண்டின் உள்பெயரை மட்டும் மாற்றாதீர்கள். கோப்பு அந்தப் பெயரைச் சொல்லித்தான் தேடும்.

ஃபாண்ட் இருக்கிறது, பெயரும் சரி, ஆனாலும் பாதி எழுத்து சரியாகவும் பாதி கட்டமாகவும் வருகிறதா? இங்கேதான் பலரும் ஒயினைத் திட்டிவிட்டு அழித்துவிடுகிறார்கள். நான் முதலில் சந்தேகப்படுவது லினக்ஸின் மொழி அமைப்பை. மின்டை நிறுவும்போது மொழியைத் தமிழ் என்று கொடுத்தீர்களா? கொடுத்திருந்தால் பாராட்டுகிறேன், நானும் அப்படித்தான் வைத்திருக்கிறேன். ஆனால் பழைய விண்டோஸ் நிரல்கள் கீழ்ப்பாதி, மேல்பாதி எண்களை ஒரு கோட் பேஜ் வழியாகப் படிக்கும். ஆங்கில விண்டோஸில் அது 1252. நம் ஃபாண்டுகள் எல்லாம் 1252 இருக்கும் என்று நம்பிச் செய்யப்பட்டவை. தமிழுக்கென்று விண்டோஸில் அப்படி ஒரு கோட் பேஜ் எந்தக் காலத்திலும் கிடையாது, தமிழ் அதில் யூனிகோடாக மட்டுமே உண்டு. ஒயின் தனக்கான மொழியை லினக்ஸிடமிருந்து எடுத்துக்கொள்வதால், அங்கே தமிழ் என்று இருந்தால் 1252 கிடைக்காமல் போகிறது. 127 வரை உள்ள எண்கள் எல்லா முறைக்கும் பொது என்பதால் அவை தப்பிக்கும், மேல்பாதி உடையும். பாமினிக் கோப்புகள் பெரும்பாலும் சரியாக வந்து, டாம், டாப் கோப்புகள் மட்டும் உடைந்தால் இதுதான் காரணம் என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம்.

தீர்வு எளிது. கணினி முழுவதையும் ஆங்கிலத்துக்கு மாற்ற வேண்டாம். பேஜ்மேக்கரைத் திறக்கும் கட்டளைக்கு முன்னால், எல்.சி. ஆல் என்ற மாறிக்கு அமெரிக்க ஆங்கிலம், யு.டி.எஃப்-8 என்ற மதிப்பைக் கொடுத்தால் அந்த ஒரு நிரலுக்கு மட்டும் ஆங்கிலச் சூழல் கிடைக்கும். மின்டின் மொழிகள் பகுதியில் அமெரிக்க ஆங்கிலம் நிறுவப்பட்டிருக்க வேண்டும், ஒயினையும் ஒருமுறை முழுக்க மூடிவிட்டுத் திறக்க வேண்டும். டெஸ்க்டாப்பில் உள்ள ஐகானின் கட்டளையிலேயே இதைச் சேர்த்துவிட்டால் கடைப் பையன் வழக்கம்போல இரட்டை க்ளிக் செய்து போய்க்கொண்டே இருப்பான். இதே கோளாறு விண்டோஸிலும் வரும் என்பதையும் சொல்ல வேண்டும். அங்கே மண்டல அமைப்பில் யு.டி.எஃப்-8ஐ எல்லா மொழிக்கும் பயன்படுத்து என்று சோதனை நிலையில் ஒரு கட்டம் இருக்கிறது. அதை டிக் செய்தால் இந்த ஃபாண்டுகள் அங்கேயும் இப்படியே உடையும். ஆகவே இதில் ஒயின் மேல் பழி இல்லை.

கேள்விக்குறிக்கு வருகிறேன். நீங்கள் லினக்ஸின் தமிழ்99 கீபோர்டை வைத்துப் பேஜ்மேக்கருக்குள் நேராக அடித்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அந்தக் கீபோர்டு கொடுப்பது யூனிகோடு தமிழ். 1252இல் தமிழ் எழுத்து ஒன்றுகூட இல்லை, எனவே வந்து சேரும் ஒவ்வொரு எழுத்தும் கேள்விக்குறியாகிறது. மற்ற சிதைவுகளில் எண் உள்ளே பத்திரமாக இருக்கும், ஃபாண்டையோ கோட் பேஜையோ சரிசெய்தால் மீண்டு வரும். இதில் எழுத்தே போய்விடுகிறது. சேமித்துவிட்டால் எந்த ஃபாண்டும், குறியீட்டு முறையை மாற்றிக் கொடுக்கும் எந்தக் கன்வர்ட்டரும் அதை மீட்காது. கோப்பில் நிஜமாகவே கேள்விக்குறிதான் இருக்கும்.

பழைய கணினியில் இது நடக்காததற்குக் காரணம், பின்னணியில் ஓடிக்கொண்டிருந்த தமிழ் கீபோர்டு மென்பொருள். நீங்கள் அடிக்கும் விசையைப் பிடித்து, டாம் அல்லது டாப் எண்ணாக மாற்றிப் பேஜ்மேக்கருக்குக் கொடுத்தது அது. அந்த வகை மென்பொருள்களை ஒயினுக்குள் நிறுவலாம், ஆனால் விசைகளை இடைமறிக்கும் வேலை அங்கே நம்பும்படி நடப்பதில்லை என்பது என் அனுபவம். அதில் நேரத்தை விடாதீர்கள். பாமினியில் அடிக்கத் தெரிந்தவர் கடையில் இருந்தால் எந்த மென்பொருளும் வேண்டாம், கீபோர்டை ஆங்கிலத்தில் வைத்து நேராக அடிக்கலாம். மற்றவர்களுக்கு நான் பழக்கிவிடுவது வேறு வழி: இலவச ஆபிஸ் மென்பொருளான லிப்ரேஆபிஸில் யூனிகோடில் அடித்து, அங்கேயே ப்ரூஃப் பார்த்து, கன்வர்ட்டரில் பழைய முறைக்கு மாற்றி, பேஜ்மேக்கரில் ஒட்டுவது. லினக்ஸின் ஐபஸ் உள்ளீட்டில் தமிழ்99, டைப்ரைட்டர் இரண்டு விசையமைப்பும் உண்டு என்பதால் பழைய டைப்பிஸ்டுகளும் சிரமப்பட மாட்டார்கள். முதலில் மேலே சொன்ன கோட் பேஜைச் சரிசெய்துவிட வேண்டும், இல்லையென்றால் ஒட்டும் இடத்திலும் மேல்பாதி உடையும். இதில் கூடுதலாக ஒரு லாபம் இருக்கிறது. கண்ணீர் அஞ்சலி போஸ்டரோ கல்யாணப் பத்திரிகையோ, இனிமேல் வரும் எல்லா மேட்டருக்கும் ஒரு யூனிகோடு பிரதி உங்களிடம் தானாகச் சேர்ந்துவிடும்.

பூட்டு விஷயத்தில் நம்பிக்கை கொடுக்க முடியவில்லை. யு.எஸ்.பி. பூட்டோடு பேசுவதற்கு விண்டோஸின் அடிமட்டத்தில் உட்காரும் டிரைவர் ஒன்று வேண்டும். ஒயின் வேலை செய்வது அதற்கு மேலே உள்ள அடுக்கில். யு.எஸ்.பி. டிரைவர்களுக்காக அதில் கொஞ்சம் வேலை நடந்திருக்கிறது என்றாலும், ஒரு பிரஸ்ஸின் பிழைப்பை அதன்மேல் வைக்க மாட்டேன். பூட்டில்லாமல் அந்தத் தொகுப்பின் ஃபாண்டுகள் மட்டும் போதுமா என்று முதலில் பாருங்கள். சில தொகுப்புகளில் பூட்டு கேட்பது கீபோர்டு மென்பொருள்தான், ஃபாண்ட் சாதாரணக் கோப்பாகவே இருக்கும். போதாதென்றால், உங்களிடம் முறையான உரிமத்தோடு பழைய விண்டோஸ் இருந்தால், அதை விர்ச்சுவல்பாக்ஸ் மாதிரியான மெய்நிகர் கணினிக்குள் நிறுவிப் பூட்டை உள்ளே கொடுக்கலாம். உங்கள் லினக்ஸ் பயனரை விபாக்ஸ்யூசர்ஸ் என்ற குழுவில் சேர்த்தால்தான் யு.எஸ்.பி. உள்ளே தெரியும், இதை மறந்துவிட்டு அரை நாள் அலைந்தவர்கள் பலர். அந்த விண்டோஸுக்கு இணைய இணைப்பைக் கொடுக்காதீர்கள். பிரிண்டர் போர்ட்டில் செருகும் பழைய வகைப் பூட்டாக இருந்தால் இதுவும் உதவாது, அதற்கு அந்தப் பழைய கணினியையே ஒரு ஓரமாக, இணையம் இல்லாமல் வைத்துக்கொள்வதுதான் நல்லது.

நீங்கள் கேட்காத இரண்டு விஷயம், அடுத்த வாரம் கேட்பீர்கள் என்பதால் இப்போதே சொல்கிறேன். பத்திரிகையில் சாமி படங்கள் மங்கலாக அல்லது காணாமல் வரும். பேஜ்மேக்கர் பெரிய படங்களைக் கோப்புக்குள் வைக்காமல், டி டிரைவில் இன்ன ஃபோல்டர் என்று முகவரியை மட்டும் வைத்திருக்கும். ஒயினின் அமைப்புகளில் டிரைவ்கள் என்ற பகுதியில் டி என்று ஒன்றைச் சேர்த்து, படங்கள் உள்ள ஃபோல்டரை அதற்குக் காட்டினால், இருநூறு படத்தையும் ஒவ்வொன்றாக இணைக்கும் வேலை மிச்சம். அப்புறம், வரிகள் உடையும் இடம் பழைய அச்சிலிருந்து மாறியிருக்கலாம். பேஜ்மேக்கர் பக்கத்தை ஒரு குறிப்பிட்ட பிரிண்டரை மனதில் வைத்தே அமைக்கும், அந்தப் பிரிண்டர் மாறினால் வரியும் நகரும். லினக்ஸில் ஒரு பி.டி.எஃப். பிரிண்டரை முதலிலேயே நிறுவிவிட்டு, பழைய அச்சுப் பிரதியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். உபயதாரர் பெயர் பக்கம் தாண்டிப் போனால் கோயிலில் என்ன நடக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இவ்வளவும் செய்த பிறகும் நிரல் திடீரென்று மூடிக்கொண்டால், அதைக் கட்டளை அடிக்கும் டெர்மினல் ஜன்னலிலிருந்து திறந்து, அங்கே வரும் வரிகளைப் பாருங்கள். ஃபிக்ஸ்மி என்று தொடங்கும் வரிகள் நூறு வந்தாலும் பயப்பட வேண்டாம், அவை ஒயினை எழுதுகிறவர்கள் தங்களுக்கே வைத்துக்கொண்ட குறிப்புகள். எர் என்று தொடங்கும் வரிகளில், ஏதாவது டி.எல்.எல். (நிரலுக்கு வேண்டிய துணைக் கோப்பு) கிடைக்கவில்லை என்று பெயரோடு இருந்தால், ஒயினுக்கான துணைக் கருவி வைன்ட்ரிக்ஸ் மூலம் அதை நிறுவலாம். ஒவ்வொரு பழைய நிரலையும் தனித்தனி ப்ரிஃபிக்ஸில், அதாவது தனக்கென்று ஒரு சி டிரைவ் உள்ள தனி ஃபோல்டரில் நிறுவுங்கள். அப்போதுதான் கணக்கு மென்பொருளுக்காக நீங்கள் போட்ட ஒரு டி.எல்.எல். பேஜ்மேக்கரைக் கெடுக்காது. நன்றாக ஓடும் நிலைக்கு வந்ததும் அந்த ஃபோல்டரை அப்படியே காப்பி எடுத்து வையுங்கள். கஜா புயல் வந்த 2018 நவம்பருக்குப் பிறகு என்னிடம் வந்த கணினிகளில் பாதிக்கு மேல் நிறுவும் சிடி நனைந்தோ தொலைந்தோ போயிருந்தது. அந்த ஃபோல்டர் கையில் இருந்தால் சிடி வேண்டாம், வேறொரு லினக்ஸ் கணினியில் வைத்து மறுநாளே வேலையைத் தொடங்கலாம்.

திரும்ப விண்டோஸுக்கே போக வேண்டுமா என்றால், அவசியமில்லை என்பதே என் கருத்து. ஆனால் பேஜ்மேக்கரிலேயே காலத்தை ஓட்டலாம் என்று இதை எடுத்துக்கொள்ளாதீர்கள். 2001இல் வந்த ஏழாம் பதிப்புக்கு மேல் புதுப் பதிப்பு அதற்குக் கிடையாது. ஒயினை, பழைய சரக்கை வெளியே எடுக்கும் வாசலாக வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கோப்பையும் திறந்து, முதலில் பி.டி.எஃப். ஆக எடுங்கள், பார்வைக்கு அது சாட்சி. பிறகு மேட்டரை மட்டும் உரைக் கோப்பாக எடுத்து யூனிகோடுக்கு மாற்றுங்கள். லிப்ரேஆபிஸ் டிராவும், இலவசப் பக்க வடிவமைப்பு மென்பொருளான ஸ்கிரைபஸும் பேஜ்மேக்கர் கோப்புகளை நேராகவே திறக்க முயலும். எழுத்து பழைய குறியீட்டிலேயே வரும், பக்க அமைப்பும் அப்படியே வராது, ஆனால் பேஜ்மேக்கர் ஓட மறுக்கும் நாளில் கைகொடுக்கும். மாற்றிய யூனிகோடை ஒருமுறை கண்ணால் படித்தே தீர வேண்டும். ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும், ணகர னகரங்களும் இடம் மாறி நிற்பதைக் கன்வர்ட்டர் கண்டுபிடிக்காது.

அடுத்த மகாமகம் 2028இல். கோயில்காரர்கள் 2016 பத்திரிகையைக் காட்டி "இதே மாதிரி" என்று கேட்டு வருவார்கள், எனவே அந்த வருடத்துக் கோப்புகளிலிருந்து தொடங்குங்கள். கட்டமாக வரும் கோப்பு ஒன்றின் ஸ்கிரீன்ஷாட், அதில் பயன்படுத்திய ஃபாண்டின் பெயர், லினக்ஸில் நீங்கள் கொடுத்திருக்கும் மொழி, பூட்டின்மேல் அச்சடித்திருக்கும் பெயர், இந்த நான்கையும் இதற்குக் கீழே எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.